மூளை இரத்தக்கசிவுக்குப் பின் பார்வை இழப்பு: ஒரு தோட்டப் பட்டண மருத்துவமனையில் படுக்கையருகே எடுத்த கண் படம்

முன்குறிப்பு

கெடா, பேராக் எல்லையை ஒட்டிச் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு பட்டணம். அதன் சிறிய அரசு மருத்துவமனையில் கண்பார்வைப் பரிசோதகராக (ஒப்டோமெட்ரிஸ்ட்) வேலை பார்க்கிறேன். அங்கே நடந்த ஒரு நிகழ்வைக் குடும்பத்தாரின் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களையும் மருத்துவமனைகளின் பெயர்களையும் விட்டுவிட்டேன். தோட்டப் பகுதிகளில் பணியாற்றும் தாதியர், பிசியோ, தொழில்வழிச் சிகிச்சையாளர்கள், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தார் ஆகியோரை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன். கண் மருத்துவ நிபுணர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

பின்னணி

நோயாளி ஐம்பதைக் கடந்த பெண். கணவர் இல்லை. தோட்டத்திலேயே பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் கொஞ்ச காலம் படித்து, பால்மரம் (ரப்பர்) வெட்டிய காலத்திலிருந்து செம்பனைக்கு மாறிய காலம் வரை அங்கேயே வேலை செய்தவர். கடைசியாகச் செய்தது உதிரிப் பழம் பொறுக்கும் வேலை. மகன் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். அவரோடு லயத்து வீட்டில் இருந்தார். மகள் பிறையில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை.

பல ஆண்டுகளாக இரத்த அழுத்தம் உண்டு. மாத்திரை பட்டணத்து அரசாங்கக் கிளினிக்கில் கிடைக்கும்; ஆனால் பஸ் இல்லை, போய்வர ஒரு நாள் சம்பளம் போய்விடும். தலை சுற்றினால் மட்டும் மாத்திரை போட்டுக்கொள்வார். தோட்டத்துக்குள்ளேயே ஆஸ்பத்திரியும் டிரசரும் (தோட்டத்து மருத்துவ உதவியாளர்) இருந்த காலத்தில் மாதம் ஒருமுறையாவது யாராவது அழுத்தம் பார்த்திருப்பார்கள் என்று மகன் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

முதல் ஐந்து வாரங்கள்

ஒருநாள் விடியற்காலை பெரட்டு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு) முடிந்து தளத்துக்குப் போகும் வழியில் “மண்டை பொளக்குது” என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வாந்தி எடுத்தார். சில நிமிடங்களில் நினைவு தப்பியது. தோட்டத்து வண்டியில் எங்கள் அவசரப் பிரிவுக்கு வந்தபோது உணர்வுநிலை அளவு 15-க்கு 8. எங்களிடம் சி.டி. ஸ்கேன் கிடையாது. மூச்சுக்குழாய் வைத்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணமுள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

அங்கே எடுத்த சி.டி.யில் மூளையைச் சுற்றிய சிலந்திவலைச் சவ்வுக்கு அடியில் இரத்தக்கசிவு. முன்பக்க இணைப்புத் தமனியில் இருந்த புடைப்பு (அனியூரிசம்) வெடித்திருந்தது. மூளை நீர் தேங்கியதால் வடிகுழாய் வைத்தார்கள். மறுநாள் இரத்தக்குழாய் வழியாகச் சென்று புடைப்பைச் சுருள்கம்பியால் அடைத்தார்கள். இரண்டாம் வாரத்தில் தமனிச் சுருக்கம் வந்து, சமாளித்தார்கள். இந்த வகைக் கசிவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் நிமோடிபின் மருந்தை 21 நாள் கொடுத்தார்கள். தொண்டையில் துளையிட்டு வைத்த குழாயைப் பின்னர் எடுத்தார்கள். ஐந்தாம் வார முடிவில் மறுவாழ்வுப் பயிற்சிக்காக எங்கள் வார்டுக்குத் திரும்பி வந்தார்.

உயிர் மிஞ்சியதே பெரிது. அங்கே வேலை செய்தவர்களின் கவனமெல்லாம் அதில் இருந்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூடவே வந்த கடிதம் விரிவாக இருந்தது: மூளை, தமனி, நுரையீரல், சிறுநீர், மருந்து எல்லாம் இருந்தன. கண்ணைப் பற்றி இருந்தது ஒரே வரி: இரண்டு பாவைகளும் (கண்மணிகளும்) வெளிச்சத்துக்குச் சுருங்குகின்றன.

வார்டில் கண்டவை

கை, கால் இரண்டு பக்கமும் அசைந்தன. இடது கால் சற்றுப் பலவீனம். பேசினால் தாமதமாக, ஓரிரு சொல்லில் பதில் சொன்னார். தானாக எதையும் தொடங்கவில்லை. தட்டை முன்னால் வைத்தால் அப்படியே இருப்பார்; கரண்டியைக் கையில் கொடுத்து வாயருகே கொண்டுபோனால் சாப்பிடுவார். பிசியோ பந்தை நீட்டினால் கை நீளாது. முகத்தை நேரே பார்க்கமாட்டார். குறிப்பேட்டில் ‘ஒத்துழைப்பு இல்லை’ என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது.

இதற்கெல்லாம் ஒரு நல்ல விளக்கம் கைவசம் இருந்ததுதான் சிக்கல். முன்பக்க இணைப்புத் தமனி வெடித்தால் மூளையின் முன்மடல் பாதிக்கப்படும்; ஊக்கம் குன்றும், நினைவு தடுமாறும், இல்லாததைச் சொல்லும் பழக்கமும் வரலாம். பாடப்புத்தகத்தில் எழுதியிருப்பதும் கட்டிலில் தெரிந்ததும் பொருந்திப் போயின. பொருந்திப்போன விளக்கத்தை யாரும் மேற்கொண்டு கிளறுவதில்லை.

அறிவுத்திறன் சோதனையிலும் இதுவே நடந்தது. 30 மதிப்பெண் கொண்ட மொன்ட்ரியல் சோதனையை மலாயில் நடத்தினார்கள்; அவர் பெற்றது 5. அந்தச் சோதனையில் கோடு இணைத்தல், கனசதுரம் வரைதல், கடிகாரம் வரைதல், மிருகப் படங்களுக்குப் பெயர் சொல்லுதல் ஆகிய 8 மதிப்பெண் முழுக்கக் கண்ணை நம்பியவை. அந்த எட்டிலும் பூஜ்யம். மலாயோ அவருக்குச் சந்தைப் பேச்சு அளவுக்குத்தான் வரும்.

இன்னொரு குறிப்பையும் இங்கே எழுதிவைக்க வேண்டும். ஒரு நண்பகலில், ஜன்னலோரக் கட்டிலில் இருந்தபடி, “விளக்கு வைக்கலையா?” என்று கேட்டிருக்கிறார். பக்கத்துக் கட்டில் ஆச்சி அதை மலாயில் தாதியிடம் சொல்ல, தாதி எழுதியது: நேரம் தெரியவில்லை, பகலை இரவு என்கிறார். கேட்டதைக் கேட்டபடிதான் எழுதியிருக்கிறார். அந்த வாக்கியத்தை ஒரு பார்வைக் குறைபாட்டுப் புகாராக யாரும் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

மகள் கவனித்தது

வார இறுதியில் வந்த மகள் ஒரு சின்னப் பரீட்சை வைத்துப் பார்த்திருக்கிறார். சத்தமே இல்லாமல் கட்டிலருகே போய் நின்றார். அம்மா திரும்பவில்லை. முகத்துக்கு நேராகக் குனிந்தார். அப்போதும் இல்லை. “அம்மா” என்றதும் முகம் சத்தம் வந்த பக்கம் திரும்பியது; அம்மா மகளின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார், அழுதார்.

“மிசி, அம்மாவுக்குப் புத்தி கலங்கல. கண்ணு தெரியல” என்று மகள் தாதியிடம் சொன்னார். தாதி தமிழர், மறுநாள் காலை வார்டு மருத்துவரிடம் எடுத்துச் சொன்னார். மருத்துவர் என்னை அழைத்தார். “அவங்களே தெரியுதுன்னுதான் சொல்றாங்க. எதுக்கும் பார்த்துடுங்க” என்றார்.

உண்மைதான். “தெரியுதா?” என்று கேட்டால் “தெரியுது” என்பார். “என் கையில என்ன இருக்கு?” என்று கேட்டால் எதையாவது சொல்வார், தப்பாக. முன்மடல் பாதித்தவரிடம் ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியைக் கேட்டால் ஆம் என்பதே சுலபமான பதில். பார்வை இழந்ததையே மூளை உணராத நிலையும் ஒன்று உண்டு. அதையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் போனேன்.

படுக்கையருகே பரிசோதனை

முதலில் கருவி எதுவும் இல்லாமல். டார்ச்சுக்கு இரண்டு பாவைகளும் நன்றாகச் சுருங்கின. இது ஆறுதல் தரும் அறிகுறி என்று பலரும் நினைக்கிறார்கள். விழித்திரைக்கு முன்னால் இரத்தம் நின்றால் உருவம் தெரியாது. ஆனால் டார்ச் வெளிச்சம் அதைக் கடந்து பாவையைச் சுருக்குமளவுக்கு உள்ளே போகும். ஆக, பாவை சுருங்குவது பார்வைக்கு அத்தாட்சி ஆகாது. கண்ணுக்கு நேரே கையைச் சட்டென்று கொண்டுபோனேன். இமைக்கவில்லை, இரண்டு பக்கமும். முகம் பார்க்கும் கண்ணாடியை முன்னால் பிடித்து மெல்ல அசைத்தேன், கண் பின்தொடரவில்லை.

அடுத்து, கண்ணுக்குள் பார்க்கும் சாதாரணக் கைக்கருவியை ஒரு முழ தூரத்தில் பிடித்து, உள்ளே போன ஒளி கண்ணின் பின்பக்கத்தில் பட்டுச் சிவப்பொளியாகத் திரும்பி வருகிறதா என்று பார்த்தேன். இடது கண்ணில் மேலோரத்தில் கொஞ்சம் வந்தது. வலது கண்ணில் கருப்பு. பார்த்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சொல்லப்போனால் இந்த நிகழ்வின் திருப்பமே இந்த இடம்தான். பின்னால் வந்த கேமராவும் ஸ்கேனும் இதை உறுதிப்படுத்தி, மற்றவர்களுக்குக் காட்ட உதவியவை.

சிவப்பொளி இல்லாததற்கு முற்றிய கண்புரை காரணமாகலாம். பார்த்தேன், வயதுக்குரிய லேசான மங்கல்தான் இருந்தது. பின்மண்டையில் இரண்டாவது அடைப்பு ஏற்பட்டு மூளை பார்க்காமல் போயிருக்கலாம்; தமனிச் சுருக்கம் வந்தவர் என்பதால் அது வெறும் ஊகமல்ல. ஆனால் நான்காம் வாரச் சி.டி.யில் பின்மடல்கள் சுத்தமாக இருந்தன. அப்படியே அடைப்பு இருந்தாலும் சிவப்பொளி போகாது.

படம் எடுக்க வேண்டும். பெரிய மேசைக் கேமராவில் தாடையை வைத்து உட்கார இவரால் முடியாது. மலேசியாவில் நீரிழிவு நோயாளிகளின் விழித்திரையைச் சோதிக்க அரசாங்கக் கிளினிக்குகளில் ஃபண்டஸ் கேமரா (கண்ணின் உட்புறத்தைப் படமெடுக்கும் கேமரா) பயன்படுத்துகிறார்கள். பட்டணத்துக் கிளினிக்கில் கையில் பிடிக்கும் வகை ஒன்று இருந்தது. அதைக் கேட்டு வாங்கினோம்.

கண்மணியை விரிக்கும் சொட்டுமருந்து போடுவதா என்பது முதல் முடிவு. போடவில்லை. மூளைக்கசிவு நோயாளியின் பாவை, அழுத்தம் கூடுகிறதா என்று காட்டும் காவல்மணி. மருந்து போட்டால் சில மணி நேரம் அந்தத் தகவல் கிடைக்காது. வடிகுழாய் எடுத்து அதிக நாள் ஆகவில்லை. கையடக்கக் கேமரா, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் குறிபார்த்துப் படத்துக்கு மட்டும் பளிச்சென்று ஒளி விடுவதால், அறையை இருட்டாக்கினால் பாவை தானாக விரிந்த நிலையிலேயே படம் எடுக்கலாம். ஜன்னலுக்குக் கம்பளி கட்டினோம். தலையணைப் பக்கத்தை உயர்த்தினோம். வறண்டிருந்த கண்ணுக்குச் செயற்கைக் கண்ணீர் ஒரு சொட்டு.

இந்தக் கேமராவில் நோயாளி பார்க்க வேண்டிய ஒரு சிறு விளக்குப் புள்ளி இருக்கும். பார்க்க முடியாதவருக்கு அது எதற்கு? மகளை நிறுத்தி நிறுத்திக் குரல் கொடுக்கச் சொன்னேன்: “அம்மா, என் பக்கம் பாருங்கம்மா. இப்ப இந்தப் பக்கம்.” குரல் நகர்ந்த பக்கமெல்லாம் கண் நகர்ந்தது. எந்தக் கையேட்டிலும் நான் படிக்காத உத்தி இது. இப்போது எல்லா மயக்கநிலை நோயாளியிடமும் குடும்பத்தாரின் குரலைத்தான் பயன்படுத்துகிறேன். ஒரு தடவை ஒளி பட்டதும் பாவை சுருங்கிவிடும். மறுபடி விரிய சில நிமிடம் காத்திருக்க வேண்டும். எடுத்தவற்றில் பாதிக்கு மேல் இமைமுடியும் ஒளித்தெறிப்பும்தான். தேறியவை போதும்.

இடது கண்: விழித்திரையின் நடுவே கூர்மையாகப் பார்க்க உதவும் பார்வைப் புள்ளியை மூடியபடி வட்டமாக, விளிம்பு கூர்மையான கருஞ்சிவப்புத் திட்டு. பார்வை நரம்பின் தலைப்பைச் சுற்றிச் சிறுசிறு கசிவுகள். உட்காரவைத்து எடுத்த படத்தில் அந்தத் திட்டின் மேல்விளிம்பு நேர்கோடாகியிருந்தது. மெல்லிய சவ்வுக்கு அடியில் திரவமாக நின்ற இரத்தம் கீழே படிந்ததன் அடையாளம். வலது கண்: ஒன்றும் தெரியாத செம்பழுப்பு மூட்டம்.

மூட்டத்துக்குப் பின்னால் விழித்திரை ஒட்டியிருக்கிறதா, கழன்றிருக்கிறதா என்று கேமரா சொல்லாது. அவசரப் பிரிவின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தோம். மூடிய இமைமேல் நிறைய ஜெல் வைத்து, அழுத்தாமல், நேர்முனைக் கருவியால் அவசரப் பிரிவு மருத்துவர் பார்த்தார். “கண்ணை உருட்டுங்கம்மா” என்றதும் உள்ளே நுண்துகள்கள் சுழன்று எழுந்தன. கண் நின்ற பிறகும் அவை சுழன்றுகொண்டிருந்தன. கழன்ற விழித்திரையாக இருந்தால் பார்வை நரம்பில் கட்டுண்ட தடித்த கோடாகத் தெரிந்திருக்கும். அப்படி எதுவும் இல்லை.

இது என்ன நோய்

மூளைக் கசிவோடு கண்ணுக்குள்ளும் இரத்தம் கசிவதைத் தெர்சன் நோய்க்குறி என்பார்கள். 1881-இல் ஜெர்மானியரான மோரிட்ஸ் லிட்டன் இதை எழுதினார். பெயர் 1900-இல் எழுதிய பிரெஞ்சுக் கண் மருத்துவர் ஆல்பெர்ட் தெர்சனுக்குப் போய்விட்டது. மண்டைக்குள் அழுத்தம் சட்டென்று எகிறும்போது அது பார்வை நரம்பைச் சுற்றிய உறைக்குள்ளும் பாய்கிறது. விழித்திரையிலிருந்து இரத்தம் வெளியேறும் வழி நெரிபட்டு, நுண்குழாய்கள் உடைகின்றன என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். மருந்தடிக்கும் பம்பின் குழாயை மடக்கிப் பிடித்தால் மூட்டில் கசியுமே, அந்த மாதிரி என்று மகனுக்குச் சொன்னேன், உடனே பிடித்துக்கொண்டார். மூளையின் இரத்தம் அப்படியே நரம்புவழி ஓடி வந்து கண்ணில் சேருகிறது என்ற பழைய எண்ணத்துக்கு இன்று ஆதரவு குறைவு.

மூளைச் சவ்வுக்கடிக் கசிவு வந்தவர்களின் கண்ணை முறையாகத் தேடிப் பார்த்த ஆய்வுகளில் 100-க்கு 10 பேருக்குக் குறையாமல் இது இருந்திருக்கிறது. சில ஆய்வுகளில் அதைவிட மிக அதிகம். மயக்கம் எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்கு வாய்ப்பும் கூடும். கண்ணில் கசிவு உள்ளவர்களிடையே இறப்பும் அதிகம். அதாவது, யாரால் சொல்ல முடியாதோ அவருக்குத்தான் இது வருகிறது.

பெரிய மருத்துவமனையின் கதிரியக்க நிபுணரிடம் முதல் நாள் சி.டி.யை மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்டோம். வலது விழிக்கோளத்தின் பின்சுவரில் ஒரு சிறு வெண்பிறை இருந்தது. தேடிப் போனால்தான் தெரியும் அளவு.

எடுத்த முடிவுகள்

பெயரும் அடையாள அட்டை எண்ணும் நீக்கிய படங்களைக் கண் நிபுணருக்கு அன்றே அனுப்பினோம். அவர் முழு விழித்திரையையும் பார்க்க விரும்பினார். நரம்பறுவைக் குழுவிடம் தொலைபேசியில் கேட்டுச் சம்மதம் பெற்ற பிறகே மறுவாரம் பாவையை விரித்தார்கள். அழுத்த நோயாளி என்பதால், இரத்த அழுத்தத்தைக் கூட்டக்கூடிய பினைலெஃப்ரின் சேர்க்காமல் ட்ரொபிகமைட் மட்டும் போட்டார்கள். போட்ட மருந்து, நேரம் இரண்டையும் குறிப்பேட்டிலும் கட்டில் தலைமாட்டிலும் எழுதி ஒட்டினார்கள். அடுத்த ஷிப்டுக்கு வரும் தாதி விரிந்த பாவையைப் பார்த்துப் பதறாமலிருக்க இது அவசியம். பார்வை அளவு: வலது கண் வெளிச்சம் மட்டும், இடது கண் முகத்தருகே விரல் எண்ணும் அளவு.

இடது கண்ணின் சவ்வுத் திட்டை லேசரால் துளைத்து இரத்தத்தை வடியவிடும் வழி ஒன்று உண்டு. அதற்கு அசையாமல் உட்கார்ந்து ஒத்துழைக்க வேண்டும். கசிவு புதிதாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லை. கைவிட்டார்கள்.

வலது கண்ணுக்குக் காத்திருப்பதா, கண்ணுக்குள் நிறைந்திருக்கும் விட்ரியஸ் கூழை அகற்றும் அறுவையா என்பதுதான் கடினம். இந்த இரத்தம் பலருக்கு மாதக்கணக்கில் தானாகக் கரையும். மூன்று மாதமாவது பொறுத்துப் பார்ப்பது பொதுவான வழக்கம். எதிர்ப்பக்கத்தில், இரண்டு கண்ணும் மறைந்தவர் பயிற்சியில் பங்கெடுக்க முடியாது. மூளை மீள்வதற்கு உகந்த முதல் மாதங்கள் வீணாகும். நீண்டநாள் நிற்கும் இரத்தம் விழித்திரைமேல் சவ்வு வளரவும் இடம் கொடுக்கலாம். அறுவைக்கு முழு மயக்கம் வேண்டும், ஆறு வாரம் முன்னால் மூளைக்கசிவு வந்தவருக்கு.

மகன் தயங்கினார். “மூளையில கை வச்சாச்சு. இனிமே கண்ணுலயும் கத்தி வைக்கணுமா, டாக்டர்?” என்று கேட்டார். (நான் டாக்டர் இல்லை என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று.) அவருக்கு வேறொரு கவலையும் இருந்தது: அறுவை, தொடர் பரிசோதனை எல்லாவற்றுக்கும் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். நிபுணர் கிளினிக் கட்டணம் 5 ரிங்கிட்தான். வண்டிக்கும் லீவுக்கும் ஆகும் செலவு அதைப்போல் பல மடங்கு. மகள் அறுவை வேண்டும் என்றார். நிபுணர் இடைவழி சொன்னார்: மாதம் ஒருமுறை எங்கள் மருத்துவமனையிலேயே ஸ்கேனும் படமும் எடுத்து அனுப்புவது; மூன்றாம் மாத முடிவில் வலது கண் தெளியாவிட்டால் அறுவை. விழித்திரை கழன்றதாகத் தெரிந்தால் உடனே. இதற்கு இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

காத்திருந்த காலம்

மருத்துவரீதியாக ஒன்றும் செய்யாத இந்த வாரங்களில்தான் வார்டில் அதிகம் மாறியது. தொழில்வழிச் சிகிச்சையாளர் இவரைப் பார்வையற்றவராகக் கருதித் திட்டத்தைத் திருப்பிப் போட்டார். தொடுவதற்கு முன் யார் என்று சொல்லிவிட்டுத் தொடுவது. தண்ணீர்க் கோப்பை எப்போதும் வலது கைப்பக்கம் ஒரே இடத்தில். சோறு, கறி, காய் எங்கே இருக்கிறது என்று தட்டில் கையைப் பிடித்துக் காட்டுவது. கரண்டியை விட்டுவிட்டுக் கையால் சாப்பிடவிட்டார்கள். ஆயுள் முழுக்கக் கையால் சாப்பிட்டவர். விரலுக்குத் தட்டு தெரிந்தது. ஒரு வாரத்தில் தானே சாப்பிட்டார்.

பார்வைப் பகுதிகளை நீக்கி, 22 மதிப்பெண்ணுக்கு, தமிழில் அறிவுத்திறன் சோதனையை மறுபடி நடத்தினோம். 11 வந்தது. முன்மடல் பாதிப்பு இருந்தது. நினைவு நிச்சயமாகக் குறைந்திருந்தது. எல்லாக் குற்றமும் கண்மேல் இல்லை. முதலில் எழுதிய அளவுக்கு மூளைமேலும் இல்லை.

எட்டாம் வாரம் மகன் வீட்டுக்கு அழைத்துப் போனார்.

அறுவையும் அதன் பிறகும்

மூன்று மாதத்தில் இடது கண்ணின் திட்டு சுருங்கி, பழுப்பாகி, ஓரளவு விலகியிருந்தது. வலது கண்ணில் மூட்டம் அப்படியே. பதினான்காம் வாரம் அறுவை நடந்தது. இரத்தம் படிந்த கூழை அகற்றியபோது விழித்திரை முழுதாக இருந்தது. சில வாரங்களில் வலது கண் 6/18 (மற்றவர் 18 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிக்கும் அளவு). ஆறாம் மாதம் 6/12. இடது கண் தானாகத் தெளிந்து 6/18-இல் நிற்கிறது. அதன் பார்வைப் புள்ளிமேல் மெல்லிய சவ்வு வளர்ந்திருக்கிறது, கண்காணிக்கிறார்கள். ஐம்பதைக் கடந்தவருக்கு இந்த அறுவைக்குப் பின் கண்புரை வருவது மிகச் சகஜம். ஓராண்டில் வலது கண்ணில் ஆரம்பித்துவிட்டது. முன்கூட்டியே சொல்லியிருந்ததால் குடும்பம் கலங்கவில்லை.

இப்போது வீட்டுக்குள் தனியாக நடமாடுகிறார். சாமி விளக்கைத் தானே ஏற்றுகிறார். அடுப்பை மட்டும் தொடவிடுவதில்லை, பற்றவைத்ததை மறந்துவிடுகிறார் என்பதால். பணக் கணக்கு வரவில்லை. தோட்ட வேலைக்குத் திரும்ப முடியாது. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவில் இயலாமை ஓய்வூதியத்துக்கு மனு போட்டபோது மூளை, கண் இரண்டு அறிக்கைகளும் சேர்ந்து போயின. லயத்து வீடு மகனின் வேலையை ஒட்டி நிற்கிறது. அவர் லோரியை விட்டால் வீடும் போகும். இது எங்கள் துறைக்கு வெளியே என்றாலும், குடும்பம் எடுத்த ஒவ்வொரு முடிவிலும் அந்தக் கணக்கு இருந்தது என்பதால் எழுதிவைக்கிறேன்.

மாற்றியவை, மாறாதவை

மூளைக்கசிவோ பலத்த தலைக்காயமோ பட்டு எங்கள் வார்டுக்கு வருபவருக்கு, வந்த அன்றே வார்டு மருத்துவர் சிவப்பொளி பார்க்கிறார். கேமராவை எதிர்பார்ப்பதில்லை. மங்கலாகத் தெரிந்தாலும், நோயாளி பேசமுடியாத நிலையில் இருந்தாலும் அந்த வாரமே படம் எடுக்கிறோம். சிவப்பொளியைக் குறிக்காமல் அறிவுத்திறன் சோதனை நடத்துவதில்லை என்று தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவு தானே ஒரு விதி வைத்துக்கொண்டது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான்.

முதல் படம் சுத்தமாக இருந்தால் விட்டுவிடுவதும் இல்லை. கண் கசிவு சில நாள் கழித்தும் வரலாம். விழித்திரைச் சவ்வுக்கடியில் இருந்த இரத்தம் பின்னர் உடைத்துக்கொண்டு கூழுக்குள் பரவலாம். இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்கிறோம்.

கேமராமேல் அளவுக்கு மீறி நம்பிக்கை வைப்பவர்களுக்கு ஒன்று: அது காட்டுவது விழித்திரையை, பார்வையை அல்ல. இந்த நிகழ்வுக்குப் பின் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலை அடிபட்ட ஓர் இளைஞர் வந்தார். படங்கள் இரண்டு கண்ணிலும் குறையில்லாமல் இருந்தன. ஆனால் வலப்பக்கத்தில் வைத்த எதையும் அவர் எடுக்கவில்லை. பின்மடல் காயத்தால் இரண்டு கண்ணிலும் வலப்பாதிப் பார்வை போயிருந்தது. படத்தோடு நின்றிருந்தால் ‘கண் நலம்’ என்று எழுதி அனுப்பியிருப்போம்.

பெரிய மருத்துவமனையிலிருந்து வரும் கடிதத்தில் ‘கண்: பார்த்தது, பார்க்கவில்லை’ என்று ஒரு வரி சேர்க்கக் கேட்டிருக்கிறோம். ‘பார்க்கவில்லை’ என்று வந்தாலே போதும், மீதியை நாங்கள் செய்துகொள்கிறோம். படிவம் இன்னும் மாறவில்லை; மாற்றல் வரும் நாளில் அங்குள்ள தாதி தொலைபேசியில் சொல்லிவிடுகிறார். கேமராவும் கிளினிக்குடையதுதான், நீரிழிவு நோயாளிகளுக்கு வேண்டிய நாளில் கிடைக்காது. அவர்கள் வேலை முடிந்த மாலையில் வாங்கி வந்து, வார்டில் ஜன்னலுக்குக் கம்பளி கட்டி எடுத்துவிட்டு, மறுநாள் கிளினிக் திறப்பதற்குள் சார்ஜ் ஏற்றித் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.